செரி

ஜெலுத்தோங்கில், டயர் கடைக்கு மேல் மாடியில்
மாதத்தில் ஒரு ஞாயிறு ஆடுகிறோம்.
ஒன்பது வருடமாகக் கடைசிச் சுற்றில்
எப்படியோ என் எதிரே வந்து உட்காருவான்
ஊய் கிம் செங்.
பதினாலாவது நகர்த்தலில் தலை தூக்குவான்.
"செரி?" என்பான்.
மலாயில் அது சமன்.
"செரி" என்பேன்.
தமிழில் அது சம்மதம்.
அரைப் புள்ளி அவனுக்கு, அரை எனக்கு.
அவன் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும்.
எனக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்;
ஏழு மணி பேக்டரி பஸ்ஸுக்கு முன்
ஒரு மணி நேரமாவது கண் மூட வேண்டும்.

பொய் சொல்ல மாட்டேன்,
அந்தப் பதினாலு நகர்த்தலையும்
வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவோம்,
மதியச் சோறு போல.

மார்ச்சில் ரொஸ்லான் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்.
வெற்றிக்கு மூன்று. சமனுக்கு ஒன்று.
"இதென்ன பந்தாட்டமா?" என்று சத்தம் போட்டார் புலவேந்திரன்,
டிவியில் பந்தாட்டம் இருந்தால்
இந்தப் பக்கமே வராதவர்.
நான் தாளின் முன் நின்று கூட்டிப் பார்த்தேன்.
ஒருவர் வென்றால் மேசையில் மூன்று.
கைகுலுக்கினால் இரண்டு.
மிச்சம் ஒன்று எங்கே போகிறது?
"அபராதம், கக்கா" என்று சொல்லிவிட்டு
டேப்பின் நுனியை நகத்தால் தேடினார் ரொஸ்லான்.

கழிப்பறை நடையில் கிம் செங் காத்திருந்தான்.
இந்த மாதம் நீ ஜெயி, அடுத்த மாதம் நான்.
பணத்தை ரெண்டாய்ப் பிரிப்போம்.
மூன்றில் பாதி ஒன்றரை,
ஒன்றைவிடப் பெரிது இல்லையா?
கீழே காற்றடிக்கும் மெஷின் உறுமி நின்றது.
கணக்கில் தப்பே இல்லை, அதுதான் தொல்லை.
சமனை ஒழிக்க வந்த விதி
தோற்பதற்கு விலை போட்டுவிட்டது.
முதல் பரிசு முந்நூறு ரிங்கிட்.
வாஷிங் மெஷின் இரண்டு வாரமாகச் சுற்றவில்லை.
"பார்க்கலாம்" என்றேன்.

பதினாலு வந்தது.
அவன் வாய் பாதி திறந்தது.
நான் குனிந்த தலை நிமிரவில்லை.
பதினைந்து.
அதற்கப்பால் இவனை எனக்குத் தெரியாது.
யோசித்தால் காது மடலைப் பிடிக்கிறான்.
யானையைத் தூக்கி வைப்பதில்லை,
அலமாரியை நகர்த்துவதுபோலத் தள்ளுகிறான்.
முப்பத்திரண்டில் ஒரு மந்திரியைக் கோட்டைவிட்டான்.
வேண்டுமென்றா, தவறியா?
முகத்தைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது.
தவறித்தான்.
நாற்பத்தெட்டில் குதிரைக்குக் குதிரை கொடுத்தேன்.
அப்போது அது சுலபமாகத் தெரிந்தது.

அறுபதில் அவனுக்கு ராஜா மட்டும்.
எனக்கு ராஜா, ஒரு மந்திரி,
ஓரக் கோட்டில் ஒரு சிப்பாய்.
அவன் மூலைக் கட்டத்தில் போய் ஒண்டிக்கொண்டான்.
மூலை வெள்ளை.
என் மந்திரியோ கறுப்பிலேயே நடக்கிறவர்.
ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம்.
பதினோரு நகர்த்தல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்,
பூட்டிய வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தும்
கதவு தட்ட முடியாதவள் போல.
ரொஸ்லானின் பிஸ்கட் டின்னுக்குள்
அவன் போன் மூன்று முறை அதிர்ந்தது.
ரொஸ்லான் திரும்பினார். அவன் திரும்பவில்லை.

"செரி?"
கேட்டது நான்.
காதிலிருந்து கையை எடுத்தான்.
பலகையை மூலை மூலையாகப் பார்த்துவிட்டு
"செரி" என்றான்.
எந்த மொழியில் என்று தெரியவில்லை.

ரொஸ்லான் எழுதினார்: ஒன்று. ஒன்று.
பரிசு புக்கிட் மெர்த்தாஜாம் பையனுக்குப் போனது.
பஸ்ஸும் போய்விட்டிருந்தது.
கிராப்புக்குப் பதினெட்டு ரிங்கிட்.

இரவு மூன்று மணி.
உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுப்பு,
மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அன்றைய நானூறாவது சில்லு.
ஒன்பது வருடத்தில் எந்தச் சமனும்
இத்தனை தூரம் கூட வந்ததில்லை.
குதிரையை வைத்திருக்க வேண்டும்.
அவன் குதிரைக்கு மந்திரியைக் கொடுத்துவிட்டு
என் குதிரையை.